எளியோர் மனைக்கேற்ற விறகடுப்பு

அடுப்பைப் பற்றி எழுதப் போகின்றோம் என்று கூறியபோது விடுதி நண்பர் சிலர் நகைத்தனர். தமிழ் பயிலும் மாணாக்கர்க்கு அட்டிலில் என்ன வேலை என்பது அவர்தம் எண்ணம் போலும். அடுப்பு, அடிசில், அட்டில் என்னும் மூன்று சொற்களும் 'அடு' என்னும் ஒரே வினையடியினின்றும் பிறந்தவை. அடுதலாவது சமைத்தல். அவ்வடிக்கே கொல்லுதல் என்னும் பொருளும் உண்டென்பதை நிகண்டு கற்றார் அறிவர். இரு பொருளும் ஒரு சொல்லிற் கூடியது தற்செயலாகவே இருக்கலாம்; ஆயினும், புகை மண்டிய அட்டிலில் நாடோறும் குந்தியிருக்கும் ஒரு தாயைக் கண்டார்க்கு அது தற்செயலாகத் தோன்றாது. வீட்டினுள் எழும் அடுப்புப் புகையால் 2020-ஆம் ஆண்டில் உலகில் ஏறத்தாழ 32 இலட்சம் மக்கள் இறந்தனர் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. எம் அன்னையார் இருமலோடு எழுந்து இருமலோடு உறங்குபவர். ஆதலின் இக்கட்டுரைக்கு யாம் வேறு காரணம் தேடவேண்டியதில்லை.

எம் குப்பம் பழவேற்காட்டு ஏரிக்கும் கடலுக்கும் இடைப்பட்ட மணற்றிட்டில் உள்ளது. பழவேற்காடு என்னும் பெயரை வேல மரங்கள் நிறைந்த பழங்காடு எனப் பிரித்துப் பொருள் கொள்வாருளர். விறகிற்கும் இவ்வேரிக்கும் உள்ள உறவு பழையது. ஏரியின் கிழக்கே கிடக்கும் ஸ்ரீஹரிகோட்டைத் தீவின் காட்டில் வெட்டிய விறகு, முன்னாளில் பக்கிங்காம் கால்வாய் வழியே படகேறிச் சென்னை நகரத்து அடுப்புக்களுக்குச் சென்றது. 1971 முதல் அத்தீவினின்று இராக்கெட்டுகள் விண்ணிற் பாய்கின்றன. காடு வேலிக்குள் அடங்கிவிட்டது. இப்போது குப்பத்தார்க்குக் கிடைப்பன சவுக்கு மிளாறும் சருகும், சீமைக்கருவேலங் கட்டையும், பனைமட்டையும், உடைந்த படகின் பலகையுமே. எரிவாயு வாராமலில்லை. 2016-ஆம் ஆண்டில் தொடங்கிய உஜ்வலாத் திட்டத்திற்கு முன்னரும் பின்னரும் உருளை பெற்ற வீடுகள் பல. ஆயின் எம் குப்பத்தில் அவ்வுருளை தேநீர்க்கும் விருந்தினர் வருகைக்கும் என்று ஒதுக்கப்பட்டுள்ளது. சோற்றுலையும், மீன்குழம்பும், விடியலில் நனைந்து குளிர்ந்து கரையேறுவார்க்கு வேண்டிய வெந்நீரும் இன்றும் விறகடுப்பின் மேலேதான்.

குளிர் மிகுந்த மேல்நாடுகளில் அறையின் சுவரிலேயே அடுப்பு அமைத்துக் குளிர்காயும் வழக்கம் உண்டு. அத்திறந்த அடுப்பின் வெப்பத்திற் பெரும்பகுதி புகைக்கூண்டின் வழியே வானத்திற்குப் போய்விடும். இதனைக் கண்டு பெஞ்சமின் பிராங்க்ளின் இரும்புத் தகடுகளாலாய அடுப்பொன்றை அமைத்து, 1744-இல் அதனை விளக்கி ஒரு சிறுநூல் வெளியிட்டார். ரம்போர்டு பிரபு என்பார் 1796-இல் வேறொரு வழி கூறினார்: அடுப்புக் குழியின் ஆழத்தைக் குறைத்துப் பக்கங்களைச் சாய்த்துப் புகைவாயை ஒடுக்கினாற் போதும் என்றார். இக்காலத்திலோ பழைய குழியின் அளவிற்கே ஓர் இரும்புப் பெட்டி செய்து, முகப்பிற் கண்ணாடிக் கதவிட்டு, அக்குழியினுட் செருகிவிடுகின்றனர். வீட்டை இடிக்கும் செலவில்லை. அதனை வாங்க விழையும் அறிவுடையார் முதலிற் கேட்பன நான்கு: குழியின் அளவு யாது, எரிக்கும் விறகு எத்தன்மைத்து, புகைவழி பழுதற்றதா, கரி துடைப்பவர் யார் என்பன. விலை அதன் பின்னரே. யாம் விலையை முதலிற் கேட்டோம், அதனாற் கெட்டோம். அக்கதைக்கு முன்னர், விறகு எரியும் முறையைச் சிறிது காண்போம்.

விறகு நேரே எரிவதன்று. சூடேறிய கட்டையினின்று ஆவிகள் வெளிப்படுகின்றன. கட்டையின் எடையில் நான்கில் மூன்று பங்களவு இங்ஙனம் ஆவியாய்ப் பிரிவது. நாம் சுடர் என்று காண்பது அவ்வாவி எரிவதேயாம். எஞ்சிய கரி பின்னர்த் தணலாய்க் கனலும். ஆவி முற்றும் எரிதற்குப் போதிய வெப்பமும் போதிய காற்றும் வேண்டும். இவற்றுள் ஒன்று குறையினும் எரியாத ஆவி புகையாய் வெளியேறும். ஆகவே புகை என்பது விலை கொடுத்து வாங்கிய விறகு எரியாமற் போவதே. எம் வீட்டு மண்ணடுப்பில் விறகு தரைமேற் சாம்பலிற் படிந்து கிடக்கும். கீழிருந்து காற்றுப் புக வழியில்லை. அன்னையார் ஊதுகுழலை எடுப்பது அக்குறையை நிரப்பவே. ஊதும் ஒவ்வொரு மூச்சிற்கும் ஈடாக ஒரு மூச்சுப் புகையை உள்ளிழுக்கின்றார். பானையைத் தாங்கும் குமிழ்கள் மிகத் தாழ்ந்திருப்பின் சுடர் குளிர்ந்த பானையில் மோதி அவிந்து கரியாகும். மிக உயர்ந்திருப்பின் வெப்பம் பக்கங்களில் ஓடிப்போகும். நம் முன்னோர் இதனை அறியாதவரல்லர். ஓரடுப்பின் தீயையே பக்கத்துப் பானைக்கும் செலுத்தும் கொடியடுப்பு, வீணாகும் வெப்பத்தைப் பிடித்து வைத்த அறிவின் விளைவன்றோ!

மண்ணடுப்பைத் திருத்தும் முயற்சிகள் நம் நாட்டிற் பல நடந்துள்ளன. ஐதராபாத்துப் பொறியியல் ஆராய்ச்சிக் கூடத்தின் தலைவராயிருந்த எஸ். பி. ராஜு என்பார், ஒரே தீயால் பல பானைகளைக் காய்ச்சிப் புகையைக் குழாய் வழியே வெளியேற்றும் மண்ணடுப்பை வகுத்து, கோடிக்கணக்கான மக்களுக்குப் புகையற்ற சமையலறை வேண்டும் என்னும் கருத்தமைந்த நூலொன்றை ஆங்கிலத்தில் எழுதினார். அதனை 1953-இல் வெளியிட்டது சென்னைக் கிறித்தவ இலக்கியச் சங்கம் என்பது எம்மனோர்க்கு மகிழ்ச்சி தருவது. பெங்களூர் இந்திய அறிவியற் கழகத்தார் மூன்று பானைக்குரிய 'அஸ்திரா' அடுப்பை அமைத்தனர். நடுவண் அரசு 1983-இல் தேசியத் திருந்திய அடுப்புத் திட்டத்தைத் தொடங்கி 2002 வரை நடத்தியது. பின்னர் ஒடிசாவில் ஹன்னா, டுப்ளோ, கிரீன்ஸ்டோன் என்னும் மூவர் புகைபோக்கியுள்ள அடுப்புக்களை வீடுகளிற் கட்டுவித்து நான்காண்டு கண்காணித்தனர். 2016-இல் வெளிவந்த அவர்தம் ஆய்வுரை கூறுவது கேண்மின்: முதலாண்டில் மகளிர் உள்ளிழுக்கும் புகை குறைந்தது, பின்னர் அப்பயன் காணப்படவில்லை. அடுப்புக்கள் உடைந்தன, குழாய்கள் துடைக்கப்படவில்லை, மக்கள் பழைய அடுப்புக்கே மீண்டனர். பெருந்தலைச் சாத்தனார் அடுதல் மறந்த அடுப்பிற் காளான் பூத்ததைப் புறநானூற்றிற் பாடினார். அது வறுமையாற் பூத்த காளான். ஊரூராய்க் கட்டிக் கைவிடப்பட்ட இவ்வடுப்புக்களிற் பூத்திருக்கக்கூடிய காளானுக்குக் காரணம், பெண்டிரைக் கேளாமல் ஆடவர் தேர்ந்ததே என்று யாம் கருதுகின்றோம்.

அக்குற்றத்தை யாமும் செய்தோம். இரண்டாண்டின் முன்னர், பரிசுத் தொகையாகக் கிடைத்த பணத்தைக் கொண்டு நகரத்துக் கடையொன்றில் தகட்டடுப்பு ஒன்றை வாங்கிக் கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு எடுத்துச் சென்றோம். அதன் எரிவழி முழங்கை போல் வளைந்திருக்கும். இவ்வகையை ராக்கெட் அடுப்பு என வழங்குவர். ஏரிக்கு அப்பால் ஒரு ராக்கெட்டு, இப்பால் ஒரு ராக்கெட்டு என்று தம்பி கைகொட்டினான். அன்று மாலை அது மிக நன்றாகவே எரிந்தது, புகையும் குறைவு. மறுநாள் ஆயா எழுவர்க்குரிய சோற்றுப்பானையைத் தூக்கி வைத்தார். அடுப்பு ஒருபுறம் சாய்ந்தது. "நைனா, பானை குந்தாத அடுப்பு என்னத்துக்கு?" என்று கேட்டுவிட்டுப் பழைய அடுப்பிற்கே பானையை மாற்றினார். அது ஒன்றோ? அதன் சிறுவாயிற் புகுமாறு கருவேலங்கட்டையை விரலளவாய்ப் பிளக்க வேண்டும். முள்ளும் வைரமும் உள்ள அக்கட்டையைப் பிளப்பது எம் அன்னையார்க்குக் கூடுதல் வேலையாயிற்று. உப்புக்காற்று எஞ்சியதைப் பார்த்துக்கொண்டது. அடுத்த மழைக்காலம் முடியுமுன் தகடு துருப்பிடித்துத் துளைவிட்டது. இப்போது அதனுள் எம் வீட்டுக் கோழி முட்டையிடுகின்றது. கடைக்காரர்மேற் குற்றமில்லை, அவர் விற்ற பொருள் உள்நாட்டுச் சிறு குடும்பத்திற்கு ஏற்றதே.

இதன் பின்னரே செருகுதல் என்னும் உபாயம் எமக்கு விளங்கிற்று. இராசஸ்தானத்துச் சிற்றூர்களில் 'மேவார் அங்கீட்டி' என்னும் பெயரால் ஒரு சிறு கருவி வழங்குகின்றது. துளைகளுள்ள இரும்புத் தட்டு அது. பழைய அடுப்பினுள்ளே வைத்துவிட்டால் விறகு தரையினின்று உயர்ந்து நிற்கும், காற்று அடியிலிருந்து ஏறும், சாம்பல் கீழே உதிரும். அடுப்பு மாறுவதில்லை, பானை மாறுவதில்லை, சமைப்பவரின் கைப்பழக்கமும் மாறுவதில்லை. மேல்நாட்டார் சுவர்க்குழியிற் செருகும் பெட்டிக்கு இது ஏழைத் தங்கை எனலாம். கடந்த கோடை விடுமுறையில் அன்னையாரிடமே அடுப்பின் உள்ளளவை நூலால் அளந்து தரச் சொல்லி, கொல்லர் ஒருவரிடம் தடித்த கம்பிகளால் ஒரு கிராதி செய்வித்தோம். மெல்லிய தகட்டைப் போலன்றித் தடித்த கம்பி துருவுக்கு நெடுநாள் தாங்கும். கிராதியின் கீழே மூன்று விரல் உயரம் காற்றுக்கு விட்டோம். குமிழ்களை அன்னையாரே களிமண்ணும் சாம்பலும் குழைத்து ஒரு விரல் உயர்த்தினார். ஏரிநீரில் மண் குழைத்தால் உப்பு ஈரத்தை இழுத்துப் பூச்சு உதிருமென்று அவரே எமக்குச் சொன்னார். எந்நூலும் இதனைச் சொல்லவில்லை.

மீன் நிறுக்கும் தராசில் விறகையும் நிறுத்துப் பார்த்தோம். முன்னர் நாளொன்றுக்கு ஏறத்தாழ ஆறு கிலோ சென்றது, இப்போது நான்கரை. ஒரே வீட்டில் ஒரு கிழமை நிறுத்தது இது. ஊர்க்கெல்லாம் விதியென்று கொள்ளற்க. ஊதுகுழல் பெரும்பாலும் சுவரிற் சார்ந்தே நிற்கின்றது.

கணக்கில் விருப்புடைய நண்பர்க்கு ஒன்று கூறுவோம். காய்ந்த விறகு ஒரு கிலோவில் 15 முதல் 16 மெகாஜூல் வெப்பம் உண்டு. திறந்த அடுப்பு அதில் நூற்றுக்குப் பன்னிரண்டு பங்களவே பானைக்குத் தருகின்றது. விசிறியில்லாத திருந்திய அடுப்பு நூற்றுக்கு இருபத்தைந்தேனும் தருதல் வேண்டுமென்று இந்தியத் தர நிர்ணய அமைவனம் விதித்துள்ளது. 14.2 கிலோ எரிவாயு உருளை ஒன்று பானைக்குத் தரும் வெப்பத்தைப் பெறப் பழைய அடுப்பில் ஏறத்தாழ 200 கிலோ விறகும், திருந்திய அடுப்பில் ஏறத்தாழ 100 கிலோவும் வேண்டும். தத்தம் ஊர் விறகு விலையால் இவற்றைப் பெருக்கி உருளை விலையோடு ஒப்பிடுக. விறகு முழுதும் விலைக்கு வாங்குவோர்க்குச் சிலபோது எரிவாயுவே மலிவாய் முடியும். பொறுக்கிச் சேர்ப்போர் தம் உழைப்பை விலையாக எண்ணாமையாலேயே விறகு இலவசமாய்த் தோன்றுகின்றது.

எவ்வடுப்பாயினும் ஈர விறகை இட்டால் பயனில்லை. பச்சை மரத்தின் எடையிற் பாதியளவு நீராகவே இருக்கும். அந்நீரை ஆவியாக்கவே தீயின் வலிமை செலவாகும். சித்திரை வைகாசியில் வெட்டிப் பிளந்து, மணலிற் படாமல் இரு கட்டைமேல் அடுக்கி, மேலே மட்டும் மூடிவைத்த விறகு ஐப்பசி மழைக்கு உதவும். எம் குப்பத்தில் மழை தொடங்கிய பின்னரே விறகு தேடுவது வழக்கமாயிருந்தது. இதனினும் கொடிய வழக்கம் ஒன்றுண்டு. தீ மூட்டுதற்கு அறுந்த நைலான் வலைத் துண்டையும், கண்ணாடியிழைப் படகின் சில்லையும் இடுவர். விரைவிற் பற்றும், பற்றியதும் எழும் கரும்புகை நஞ்சு. பழம்படகுப் பலகையிற் பூசிய வண்ணமும் அத்தகையதே. கடலில் ஊறிய கட்டையின் உப்பு, எரியும்போது இரும்பை அரிப்பதோடு தீய நச்சுப் பொருள்களையும் பிறப்பிக்கும். தீ மூட்டச் சவுக்குச் சருகும் காய்ந்த பனையோலையும் போதும்.

இருமல் நின்றுவிட்டதென்று எழுத மனம் விழைகின்றது. நிற்கவில்லை. கிராதி புகையைக் குறைக்கும். புகையை வெளியே கொண்டு செல்லாது. அதற்குப் புகைபோக்கி வேண்டும். 2004-ஆம் ஆண்டு ஆழிப்பேரலைக்குப் பின் எம் பக்கத்தில் எழுந்த காறை வீடுகளில் அதனைக் கூரையில் ஏற்றுதல் எளிது. ஆயின் எம் வீடு போன்றவற்றில் அட்டில் வீட்டின் பின்புறத்து ஓலைச் சாய்ப்பில் உள்ளது. ஓலையூடே சூடான குழாயை விடுதல் குடிசையைத் தீக்கு ஒப்புவித்தலாகும். குழாயைப் பக்கச் சுவர் வழியே வெளியே திருப்பி, ஓலையினின்று விலக்கி உயர்த்தி, கடற்காற்று புகையைத் திருப்பித் தள்ளாவண்ணம் தலையில் மூடி இட வேண்டும். மாதந்தோறும் கரி துடைக்க வேண்டும். துடைப்பவன் யார் என்ற வினாவுக்குத் தம்பி தன் பெயரைக் கொடுத்துள்ளான். அவன் சொல்லை யாம் முற்றும் நம்பவில்லை. ஆகவே இப்போதைக்குக் கடற்காற்றிற்கு எதிர்ப்புறச் சுவருக்கும் கூரைக்கும் இடையே ஒரு முழம் திறந்து விட்டிருக்கின்றோம். புகை பாதியேனும் அவ்வழி போகின்றது.

விடுதிக்குத் திரும்பும் நாளில் பக்கத்து வீட்டார் மூவர் வந்து, தத்தம் அடுப்பின் உள்ளளவை முடிச்சிட்ட வலைநூல்களைக் கொடுத்தனர். ஒன்றில் இரண்டு முடிச்சு, ஒன்றில் மூன்று, மாறிப்போகாமைக்கு அடையாளம். அந்நூல்கள் எம் பெட்டியில் உள்ளன. பொங்கல் விடுமுறைக்குச் செல்லும் வழியிற் கொல்லரிடம் அவற்றைக் கொடுக்க வேண்டும்.