மூலநோயும் லேசர் சிகிச்சையும்

மக்கள் வாய்விட்டுச் சொல்ல நாணும் நோய்களுள் மூலநோயும் ஒன்று. இது புதிய நோயன்று. நம் திருமறையின் சாமுவேல் முதலாம் புத்தகத்து ஐந்தாம் அதிகாரத்திலேயே மூலவியாதி என்னுஞ் சொல் காணப்படுகின்றது. நாணத்தால் நோயை மறைப்போரும், விளம்பரங் கண்டு மயங்குவோரும் ஒருங்கே இன்னலுறுதலின், இதனைச் சிறிது ஆராய்தல் நலமாம்.

ஆசனவாயின் உட்புறத்தே, இரத்தக்குழாய்கள் செறிந்த மெத்தை போன்ற பகுதிகள் எல்லார்க்கும் இயல்பாக உள்ளன. மலச்சிக்கல், நெடுநேரம் முக்குதல், கருப்பம் முதலிய காரணங்களால் அவை வீங்கித் தம் நிலையினின்றும் நழுவுதலே உள்மூலம். அதனை மருத்துவர் நான்கு படிகளாக வகுப்பர். வெளித்தள்ளாதிருப்பது முதற்படி, வெளிவந்து தானே உட்செல்வது இரண்டாவது, கையால் உட்செலுத்த வேண்டுவது மூன்றாவது, செலுத்தினும் நில்லாதது நான்காவது.

இனி, அறுவை முறையை நோக்குவாம். 1937-ஆம் ஆண்டில் லண்டன் மாநகரத்து மில்லிகன், மார்கன் முதலிய மருத்துவர்கள் வெளியிட்ட முறை இன்றும் கையாளப்படுகின்றது. வீங்கிய பகுதியை அறுத்தெடுத்து, அதன் அடியிற் குருதிக்குழாயைக் கட்டி, புண்ணைத் தையாமல் ஆறவிடுவர். ஆண்டு உணர்ச்சி நரம்புகள் மிகுதியாதலின் வலி கடுமை. புண் ஆறுதற்குச் சில வாரங்கள் செல்லும். எனினும், நோய் மீண்டுந் தோன்றுதல் குறைவு.

லேசர் ஒளியை 1960-இல் முதன்முதல் தோற்றுவித்தவர் அமெரிக்கராகிய தியோடர் மைமன். இச்சிகிச்சையில், மெல்லிய ஒளியிழை ஒன்றை வீக்கத்தினுட் செலுத்தி, பெரும்பாலும் 1470 நானோமீட்டர் அலைநீளமுள்ள கதிரைப் பாய்ச்சுவர். அதன் வெப்பத்தால் குழாய்கள் சுருங்க, வீக்கம் நாளடைவில் வற்றும். பெரும்புண் இன்மையின் வலியும் குருதிப்போக்குங் குறைவு. தொழிலுக்கு விரைவில் திரும்பலாம். ஆயின், வீங்கிய பகுதி அகற்றப்படாமையின் நோய் மீளும் வாய்ப்பு அறுவையினும் மிகுதி. நான்காம் படியினர்க்கும், பெரிய வெளிமூலம் உடையார்க்கும் அறுவையே பெரிதும் ஏற்றது.

நிற்க, தொடக்க நிலையினர் பலர்க்கு இவ்விரண்டும் வேண்டா. நார்ப்பொருள் மிக்க உணவு, போதிய நீர், முக்காது மலங்கழிக்கும் பழக்கம் என்பவையே போதுமானவை. போதாவிடின், வீக்கத்தின் அடியில் இரப்பர் வளையம் இடும் எளிய முறையும் உண்டு.

அன்றியும், மலத்தோடு குருதி போதல் குடற்புற்றின் அறிகுறியாகவும் இருத்தல் கூடும். சோதித்துப் பாராமல் மூலமென்று தாமே துணிந்து காலங் கடத்துவோர், உயிருக்கே ஊறு தேடுவோராவர். நோயையும் அதன் காரணத்தையும் முதற்கண் ஆராய்க என்று மருந்ததிகாரத்தில் வள்ளுவனார் வற்புறுத்துவதும் இதுபற்றியே. ஆதலின், நாணம் விடுத்து மருத்துவரை அணுகுதலே முதற் சிகிச்சை என்று அறிவோமாக.