ஸ்போர்ட்ஸ் காரின் அதிர்வு தாங்கிகள்

ஸ்போர்ட்ஸ் கார் என்றதும் அதன் வேகமே நம் நினைவுக்கு வருகிறது. ஆனால் எஞ்சின் எத்துணை ஆற்றல் மிக்கதாயினும், அவ்வாற்றல் சாலையைச் சென்றடைவது டயர்கள் தரையைத் தொடும் நான்கு சிறு பரப்புகளின் வழியாகவே. ஒரு டயர் கணநேரம் தரையை விட்டு எழும்பினாலும், அக்கணத்தில் அதற்குப் பிரேக்கும் இல்லை, திருப்பும் ஆற்றலும் இல்லை.

டயரைத் தரையோடு இணைத்து வைப்பவை வில்லும் அதிர்வு தாங்கியும் ஆகும். பலரும் இவ்விரண்டையும் ஒன்றென எண்ணிவிடுகின்றனர். ஆய்வுக்கூடத்தில் சுருள்வில்லில் எடையைத் தொங்கவிட்டு இழுத்துவிட்டால், அது நெடுநேரம் மேலும் கீழும் ஆடுவதைக் கண்டிருக்கிறோம் அல்லவா? வில், ஆற்றலைச் சேமித்துத் திருப்பித் தருகிறதேயன்றி அதைத் தீர்ப்பதில்லை. தீர்ப்பது அதிர்வு தாங்கியின் வேலை. எண்ணெய் நிறைந்த உருளைக்குள் துளையிட்ட ஒரு பிஸ்டன் இருக்கும். சக்கரம் ஏறி இறங்கும்போது எண்ணெய் அத்துளைகளின் வழியே நெருக்கிக்கொண்டு செல்கிறது. இயக்க ஆற்றல் வெப்பமாக மாறி, ஆட்டம் அடங்குகிறது. அதிகம் ஓடிய அதிர்வு தாங்கி கையைச் சுடும்!

அமெரிக்காவின் ஷெவர்லே கார்வெட் காரில் 1989-ஆம் ஆண்டு, கூடுதல் விலை கொடுப்போருக்கு ஒரு புதிய வசதி கிடைத்தது. ஓட்டுநர் ஒரு குமிழைத் திருப்பி டூரிங், ஸ்போர்ட், பெர்ஃபார்மன்ஸ் என்னும் மூன்று நிலைகளுள் ஒன்றைத் தேர்ந்தெடுக்கலாம். உடனே சிறு மின் மோட்டார்கள் எண்ணெய் செல்லும் வழியைச் சுருக்கும் அல்லது விரிக்கும். வில் மட்டும் மாறுவதே இல்லை. (அக்காரில் இருந்தது சுருள்வில்லும் அன்று; கண்ணாடியிழையால் ஆகி, குறுக்கே பொருத்தப்பட்ட பட்டைவில்.)

வில் மாறாததால் ஒன்று விளங்குகிறது. நீண்ட வளைவில் கார் இறுதியாக எவ்வளவு சாயும் என்பது எந்த நிலையிலும் ஏறக்குறைய ஒன்றே. எவ்வளவு விரைவாகச் சாயும் என்பதே மாறுகிறது. டூரிங் நிலையில் கார் தயங்கித் தயங்கிச் சாய்ந்து அமரும். கடின நிலையில் ஸ்டியரிங்கைத் திருப்பியவுடன் திரும்பும். வழவழப்பான பந்தயத் தளத்தில் கடின நிலைக்கே வெற்றி.

மேடுபள்ளமான சாலையிலோ கதை தலைகீழாகிறது. இறுகிய அதிர்வு தாங்கியால் சக்கரம் மேட்டின்மீது விரைந்து ஏறவும் முடிவதில்லை, பள்ளத்தில் விரைந்து இறங்கவும் முடிவதில்லை. டயர் தத்தித் தத்திச் செல்கிறது. காரினுள் இருப்பவருக்கு உடல் குலுங்குவதால் வேகம் மிகுந்தாற்போல் தோன்றும். உண்மையில் குறைந்திருப்பது பிடிப்பு. மழை நாளில் பிரேக் போடும்போது இது உயிரையே பொறுத்தது. ஆகவே டூரிங் நிலையைச் சொகுசு விரும்பிகளுக்கு உரியது என்று ஒதுக்குவது முறையன்று என்பது என் கருத்து.

2003-ஆம் ஆண்டின் கார்வெட்டில் வேறொரு விந்தை வந்தது. அதிர்வு தாங்கியின் எண்ணெயில் மிக நுண்ணிய இரும்புத் துகள்கள் கலந்திருந்தன. பிஸ்டனில் உள்ள கம்பிச்சுருளில் மின்சாரம் பாய்ந்ததும், அது மின்காந்தமாகித் துகள்களை வரிசையாகக் கோத்துவிடும், எண்ணெய் கெட்டியாகும். மின்சாரம் நின்றால் மீண்டும் இளகும். இத்தகைய திரவத்தை ஜேக்கப் ராபினோ என்னும் அமெரிக்கர் 1940-களிலேயே கண்டறிந்திருந்தார். மாற்றம் நூற்றில் ஒரு பங்கு நொடிக்குள் நிகழ்ந்துவிடுகிறது. மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் கார் அதற்குள் சுமார் 28 சென்டிமீட்டர் தூரமே நகர்ந்திருக்கும், கணக்கிட்டுப் பாருங்கள். அதனால் டூர், ஸ்போர்ட் என்னும் இரண்டு நிலைகளிலும் கருவி தானாகவே ஒவ்வொரு சக்கரத்தையும் கவனித்து இறுக்கத்தை மாற்றிக்கொண்டே இருக்கிறது. ஓட்டுநர் அதன் போக்கை மட்டும் சொல்லிவைக்கிறார்.

2009-இல் அறிமுகமான ஃபெராரி 458 இத்தாலியாவின் ஸ்டியரிங் சக்கரத்தில், அதிர்வு தாங்கியின் படம் பொறித்த தனிப் பொத்தான் ஒன்று உண்டு. பந்தய நிலையில் ஓட்டிக்கொண்டிருக்கும்போது கரடுமுரடான சாலை வந்தால், அதை அழுத்தினால் போதும். எஞ்சினும் கியரும் பந்தய நிலையிலேயே இருக்க, அதிர்வு தாங்கிகள் மட்டும் மென்மையாகிவிடும்.