வீட்டில் ஒருவர் மறைந்த பின் பொருள்களை ஒதுங்க வைத்தல்

கருமக்கிரியை முடிந்து, உறவினர்கள் ஊர் திரும்பிய பிறகுதான் வீடு கண்ணில் படும். கதவுக்குப் பின்னால் அவருடைய சட்டை, கட்டிலடியில் செருப்பு, ஐஸ்பெட்டியில் இன்சுலின், சுவரோரம் மடக்கி வைத்த சக்கர நாற்காலி. கோலாலம்பூரிலிருந்தோ சிங்கப்பூரிலிருந்தோ வந்த பிள்ளைகள், "நாங்கள் போவதற்குள் எல்லாவற்றையும் எடுத்துவிடுகிறோம், அம்மா" என்பார்கள். அன்பினால் சொல்வதுதான். ஆனாலும் நீங்கள் உடனே சரி என்று சொல்ல வேண்டியதில்லை. அந்த வீட்டில் தொடர்ந்து வாழப்போகிறவர் நீங்கள்.

மலாயில் இந்த வேலைக்கு 'கெமாஸ்' என்ற ஒரு சொல் போதும். தமிழில் வீட்டை ஒழிப்பது, கழிப்பது, ஒதுங்க வைப்பது என்று பல சொற்கள் உண்டு. இந்தக் கையேட்டுக்கு ஏற்றது கடைசிச் சொல்தான். மருந்து, பத்திரம், நடக்கும் வழி ஆகிய மூன்றுக்கு மட்டும் அவசரம் உண்டு. மற்றவை காத்திருக்கும்.

முதலில் மருந்து

கணவன் மனைவி இருவருக்கும் இரத்த அழுத்தமும் நீரிழிவும் இருந்திருந்தால், இருவர் மாத்திரையும் ஒரே பிஸ்கட் டின்னில் கிடக்கும். அவர் போன பிறகு, "நல்ல மாத்திரை, வீணாகக் கூடாது" என்று எடுத்துச் சாப்பிடுபவர்கள் உண்டு. தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். பெயர் ஒன்றாக இருந்தாலும் அளவு வேறாக இருக்கலாம்: அம்லோடிபின் 5 மில்லிகிராமிலும் வரும், 10 மில்லிகிராமிலும் வரும். மெட்ஃபார்மின் சிறுநீரகம் பழுதானவருக்கு ஆகாது. இரத்தம் உறையாமல் இருக்கக் கொடுக்கும் வார்ஃபரின், இரத்தப் பரிசோதனை இல்லாமல் எடுத்தால் உயிருக்கே ஆபத்து. வலிக்காகக் கொடுத்த மோர்ஃபின் மீதியிருந்தால், பேரப்பிள்ளைகள் கைக்கு எட்டாமல் அன்றே தனியே எடுத்து வையுங்கள்.

உங்கள் பெயர் ஒட்டிய மருந்துகளை ஒரு பக்கம் வையுங்கள். அவர் பெயருள்ளவற்றை அட்டையிலிருந்து பிரிக்காமல் ஒரு பையில் போடுங்கள். எழுத்து தெரியவில்லை என்றால் ஊகிக்க வேண்டாம்; பேரனையோ பக்கத்து வீட்டாரையோ படிக்கச் சொல்லுங்கள். கழிவறையில் கொட்டுவதும் குப்பையில் எறிவதும் கூடாது. சுகாதார அமைச்சின் மருந்து திருப்பிக் கொடுக்கும் திட்டம் 2010 முதல் நடந்து வருகிறது. அரசாங்க மருத்துவமனை, கிளினிக் மருந்தகங்களில் கொடுக்கலாம். டத்தோ கிராமாட்டில் இருப்பவர்களுக்கு ஜாலான் ரெசிடென்சியில் உள்ள பினாங்கு மருத்துவமனையும், ஜாலான் பேராக் சுகாதார கிளினிக்கும் பக்கம். இன்சுலின் ஊசிகளை அந்தப் பையில் சேர்க்காதீர்கள். சலவைத் திரவம் வந்த கெட்டியான பாட்டிலில் போட்டு மூடி, எங்கே ஒப்படைப்பது என்று மருந்தகத்தில் கேளுங்கள்.

அந்தப் பையைக் கொண்டுபோகும் நாளில் உங்கள் அடுத்த மருத்துவச் சந்திப்பு எப்போது என்றும் பாருங்கள். நோயாளியைக் கவனித்த மாதங்களில் பலருக்குச் சொந்தச் சந்திப்பு தவறிப் போயிருக்கும்.

காகிதத்தைக் கிழிக்கும் முன்

மரணத்தைப் பதியும்போது அவருடைய மைகார்டைத் தேசியப் பதிவு இலாகாவிடம் ஒப்படைக்க வேண்டும். அதற்கு முன் நகல் எடுத்துக்கொள்ளுங்கள். மரணச் சான்றிதழுக்கும் பல நகல்கள் வேண்டும். ஊழியர் சேமநிதி, சொக்சோ, வங்கி என எங்கே போனாலும் அதைத்தான் கேட்பார்கள்.

சேலை மடிப்பு, சாமிப் படத்தின் பின்புறம், பழைய கைப்பை எல்லாவற்றையும் உதறிப் பாருங்கள். தேடவேண்டியது பணம் மட்டும் அல்ல. அடகுச் சீட்டு ஒன்று அங்கே இருக்கலாம். 1972-ஆம் ஆண்டு அடகுக் கடைக்காரர் சட்டப்படி நகையை மீட்க ஆறு மாதம்தான் தவணை. துணியோடு சீட்டும் போய்விட்டால் நகை அடகில் இருப்பதே வீட்டுக்குத் தெரியாமல் போகும். தோட்டத்துக் காலத்துப் பிறப்புப் பத்திரம், திருமணப் பத்திரம், குடியுரிமைச் சான்றிதழ் ஆகியவை மக்கிப்போயிருந்தாலும் எறியாதீர்கள். பேரப்பிள்ளைகளின் பதிவில் சிக்கல் வந்தால், அந்த மக்கிய தாள்தான் கைகொடுக்கும்.

நடக்கும் வழி

கட்டிலிலிருந்து கழிவறைக்குப் போகும் வழியில் மூட்டை, பெட்டி எதுவும் இருக்கக் கூடாது. இரவில் எழுந்து இடறி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்தால், மீள்வது கடினம். கடனாக வாங்கிய சக்கர நாற்காலி, ஆக்சிஜன் கருவி முதலியவற்றை உரியவரிடம் திருப்பிக் கொடுத்தாலே பாதி இடம் கிடைத்துவிடும். நாற்காலி மேல் ஏறிப் பரணைத் தொடாதீர்கள். அதை இளையவர்கள் செய்யட்டும். அடுக்குமாடி வீட்டில் இருப்பவர்கள் எடுத்த சாமானைப் பொது நடைபாதையில் குவிக்க வேண்டாம். தீப்பிடித்தால் எல்லாருக்கும் அதுதான் வழி. வெளியே வைக்கும் வாளி, பூந்தொட்டியைக் கவிழ்த்து வையுங்கள். தேங்கும் மழைநீரில் ஏடிஸ் கொசு முட்டையிட்டுச் சுமார் ஒரு வாரத்தில் கொசுவாகிவிடும்.

துணிமணியும் மற்றவையும்

கடைசியாகப் படுத்த பாயையும் தலையணையையும் உடனே அகற்றுவது பல வீடுகளில் வழக்கம். அது உங்கள் குடும்பத்தின் முடிவு. மற்றதற்கு நம் சடங்குகளே அவகாசம் தருகின்றன. இந்துக்களுக்கு ஆண்டுத் திதி வரை ஒரு வருடம் இருக்கிறது. கணவனை இழந்த இஸ்லாமியப் பெண்ணுக்கு இத்தா நான்கு மாதமும் பத்து நாளும். அதற்குள் எல்லாம் முடிந்தாக வேண்டும் என்று எந்தச் சமயமும் கேட்கவில்லை. கேட்பது பெரும்பாலும் விடுமுறை முடிந்து ஊர் திரும்ப வேண்டிய பிள்ளைகள்தான்.

தொடங்கும்போது ஒரு நாளைக்கு ஓர் இழுப்பறை போதும். காலையில், உட்கார்ந்து, மேசை மேல் வைத்து, அரை மணி நேரம் பாருங்கள். வைத்துக்கொள்வது, கொடுப்பது என்று பிரிக்கும்போது மூன்றாவதாக ஒரு பெட்டியும் வேண்டும்: இன்னும் மனம் வராதவை. அதன்மேல் தேதி எழுதி மூடிவிடுங்கள். மூக்குக் கண்ணாடி, கைக்கடிகாரம், அவர் கையெழுத்தில் இருக்கும் மளிகைக் கணக்கு எல்லாம் அதில் போகட்டும். படையலுக்கு வைக்க ஒரு வேட்டியோ சேலையோ போதும் என்று உங்களுக்குத் தோன்றும் நாளில் மீதியைக் கொடுக்கலாம். எதையும் கொடுக்குமுன் பிள்ளைகளிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். அப்பாவின் பழைய ரேடியோவுக்குத் தூரத்தில் ஒரு மகன் ஆசைப்பட்டிருப்பான். குப்பைக்குப் போவதைப் பிரித்துப் போடுங்கள். பினாங்கில் 2016 ஜூன் 1 முதல் அதுதான் நடைமுறை.

ஒரு சட்டையை எடுத்ததும் அழுகை வந்தால் அன்றைக்கு நிறுத்திவிடுங்கள். அது நோய் அல்ல. ஆனால் ஆறு மாதம் கடந்தும் அந்த அறைக்குள் நுழையவே முடியவில்லை, சாப்பாடு இறங்கவில்லை, தூக்கம் இல்லை, வாழ்ந்து என்ன பயன் என்று தோன்றுகிறது என்றால், கிளினிக் மருத்துவரிடம் அதைச் சொல்லுங்கள். நீடித்த துயரத்தை உலக சுகாதார நிறுவனம் 2022 முதல் நடப்பிலுள்ள தன் நோய்ப் பட்டியலில் சேர்த்திருக்கிறது. அதற்குச் சிகிச்சை உண்டு. வாழ வேண்டாம் என்ற எண்ணம் வந்தால் ஆறு மாதம் காத்திருக்க வேண்டாம், அன்றே பேசுங்கள். சுகாதார அமைச்சின் ஹீல் தொலைபேசி எண் 15555.