வீடு எழும்போது தெரு சுருங்கலாமா? மைசூரு நகரம் தரும் பாடம்

மக்கள் பெருகும் நகரத்தில் வீடுகளும் பெருகியே தீர வேண்டும். இதை மறுப்பார் எவரும் இலர். ஆயினும், புதிய குடியிருப்பு ஒன்று எழும்போதெல்லாம் அதன் அருகே ஏற்கெனவே வாழ்வோர் முறையிடுவதும், அம்முறையீடு கேட்பாரற்றுப் போவதும் நம் நகரங்களில் வாடிக்கையாகிவிட்டன. இடைவிடாத லாரிப் போக்குவரத்து, தூசி, இரவு நேர இரைச்சல், தெருவை அடைத்துக் கிடக்கும் ஜல்லியும் மணலும், கட்டட வேலை முடிந்த பின்னரும் நீங்காமல் பெருகிவிடும் வாகனங்கள் ஆகியவையே இம்முறையீடுகளின் சாரம். இவற்றை வளர்ச்சிக்கு எதிரான குரல் என்று ஒதுக்கிவிடுவது எளிது, ஆனால் சரியன்று. திட்டமிட்டு வளர்ந்த நகரம் எனப் பெயர் பெற்ற மைசூருவின் அனுபவத்தைக் கொண்டு இச்சிக்கலை ஆராய்வது பயனுடையதாகும்.

தெரு முதலில், வீடு பின்னர்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் பரவிய பிளேக் நோய் இந்திய நகரங்களின் அமைப்பையே மாற்றியது. பம்பாயில் 1898-ஆம் ஆண்டில் நகரச் சீரமைப்புக் கழகம் தோன்றியது. அதனை அடுத்து 1903-ஆம் ஆண்டிலேயே மைசூரிலும் அத்தகைய கழகம் நிறுவப்பட்டது. நாட்டின் மிகப் பழைய நகரச் சீரமைப்பு அமைப்புகளுள் இதுவும் ஒன்று. நெருக்கமான பழைய குடியிருப்புகளிலிருந்து மக்களை வெளியே கொணர்ந்து, காற்றும் வெளிச்சமும் உள்ள புதிய பகுதிகளில் குடியேற்றுவதே அதன் நோக்கம்.

அக்காலத்துப் பணியில் ஒரு வரிசைமுறை இருந்தது. முதலில் தெரு வகுக்கப்பட்டது. அடுத்துக் கழிவுநீர் வடிகாலுக்கும் பூங்காவுக்கும் இடம் ஒதுக்கப்பட்டது. அதன் பின்னரே மனைகள் அளந்து கொடுக்கப்பட்டன. வீட்டு வரிசைகளின் பின்புறத்தில் துப்புரவுப் பணிக்கெனத் தனிச் சந்துகள் விடப்பட்டதை மைசூருவின் பழைய பகுதிகளில் இன்றும் காணலாம். எத்தனை வீடுகள் அமையும் என்பதை அறிந்தே தெருவின் அகலம் முடிவு செய்யப்பட்டது. சுருங்கக் கூறின், வீடும் தெருவும் ஒரே திட்டத்தின் இரு பகுதிகளாக இருந்தன.

1988-ஆம் ஆண்டில் இக்கழகத்தின் இடத்தில் மைசூரு நகர வளர்ச்சி ஆணையம் அமைந்தது. விஜயநகரம், குவெம்பு நகர் போன்ற விரிந்த மனைப்பிரிவுகள் இவ்விரு அமைப்புகளின் வழியே உருவானவை.

வளர்ச்சியின் இரு முனைகள்

1971-ஆம் ஆண்டின் மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் ஏறத்தாழ மூன்றரை லட்சமாக இருந்த நகர மக்கள்தொகை, 2011-இல் ஏறத்தாழ 9 லட்சமாக உயர்ந்தது. ஹெப்பாள் தொழிற்பகுதியும், தகவல் தொழில்நுட்ப நிறுவனங்களும், கல்வி நிலையங்களும் மக்களை ஈர்த்தன. 118 கிலோமீட்டர் நீளமுள்ள பெங்களூரு-மைசூரு விரைவுச் சாலை 2023-ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் திறந்து வைக்கப்பட்டபின், பெங்களூருவில் தொழில் உடையோரும் மைசூருவில் வீடு தேடலாயினர்.

இவ்வளர்ச்சி இரு முனைகளில் நிகழ்கிறது. முதலாவது, நகரின் விளிம்பு. சுமார் 42 கிலோமீட்டர் நீளமுள்ள வெளிவட்டச் சாலை ஒரு காலத்தில் நகரின் எல்லையாகக் கருதப்பட்டது. இன்று மனைப்பிரிவுகள் அச்சாலையைத் தாண்டி வெகுதூரம் சென்றுவிட்டன. அவற்றுள் பல, கிராம ஊராட்சிகளின் எல்லைக்குள் தனியாரால் அமைக்கப்பட்டவை. 2020-ஆம் ஆண்டில் ஹூட்டகள்ளி நகராட்சியாகவும், போகாதி, ஸ்ரீராம்புரா, ரம்மனஹள்ளி, கடகொளா ஆகியவை பட்டணப் பஞ்சாயத்துகளாகவும் தரம் உயர்த்தப்பட்டமை இம்மாற்றத்தின் விளைவே. குடியிருப்பு முந்திச் சென்றது; ஆட்சியமைப்பு அதன் பின்னே சென்று சேர்ந்தது.

இரண்டாவது முனை, நகரின் உட்பகுதி. யாதவகிரி, ஜெயலட்சுமிபுரம், வாணிவிலாச மொகல்லா போன்ற பழைய பகுதிகளில் விசாலமான தோட்டத்துடன் கூடிய தனி வீடுகள் மிகுதி. அத்தகைய வீடொன்று இடிக்கப்பட்டு, அதே மனையில் அடுக்குமாடிக் குடியிருப்பு எழும்போது, தெரு மட்டும் அன்றிருந்த அகலத்திலேயே நிற்கிறது. அயலாரின் குறை பெரும்பாலும் இங்கேதான் தொடங்குகிறது.

ஒரு தெருவின் கணக்கு

இக்குறையின் அளவை விளக்க ஓர் உதாரணக் கணக்கைப் பார்க்கலாம். சராசரியாக 100 சதுர மீட்டர் பரப்புள்ள 60 வீடுகள் கொண்ட அடுக்குமாடிக் கட்டடம் ஒன்று, 30 அடி அகலமுள்ள தெருவில் எழுவதாகக் கொள்வோம். அதன் மொத்தக் கட்டடப் பரப்பு 6,000 சதுர மீட்டர். ஒரு சதுர மீட்டருக்கு 0.4 கன மீட்டர் கான்கிரீட் எனக் கணக்கிட்டால் 2,400 கன மீட்டர் தேவை. ஒரு கலவை வண்டி 6 கன மீட்டர் கொண்டுவருமாயின், 400 முறை வண்டி வர வேண்டும். வாகன நிறுத்தத்துக்கென 1,500 சதுர மீட்டர் பரப்பில் 3 மீட்டர் ஆழம் தோண்டினால் 4,500 கன மீட்டர் மண் வெளியேற வேண்டும்; ஒரு டிப்பர் லாரிக்கு 10 கன மீட்டர் என்றாலும் அது 450 லோடு. கம்பி, செங்கல், ஓடு, மரச்சாமான் ஆகியவற்றையும் சேர்த்தால் ஆயிரத்துக்குக் குறையாத கனரக வண்டிகள் வரவும் போகவும் வேண்டியிருக்கும். மிதமான வாகனங்களுக்கென இடப்பட்ட உள்தெரு இச்சுமையைத் தாங்காது.

இனி, தெருவின் அகலத்தை எண்ணுவோம். 30 அடித் தெருவில் தார் போட்ட பகுதி சுமார் ஐந்தரை மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். ஓரத்தில் ஒரு கார் நின்றால் 1.8 மீட்டர் போய்விடும். மீதியுள்ள 3.7 மீட்டரில் இரண்டரை மீட்டர் அகலமுள்ள லாரி வந்தால் எஞ்சுவது 1.2 மீட்டர். பள்ளிக்குச் சைக்கிளில் செல்லும் சிறுமியும், காலையில் பால் வாங்கச் செல்லும் முதியவரும் அந்த 1.2 மீட்டரில்தான் ஒதுங்க வேண்டும். அங்கே ஜல்லிக் குவியலும் கிடந்தால் அந்த இடமும் இல்லை. தீயணைப்பு வண்டிக்கும் நோயாளர் ஊர்திக்கும் இதே கணக்கே பொருந்தும்.

கட்டட வேலை இரண்டு மூன்று ஆண்டுகளில் முடிந்துவிடும். ஆனால் 60 வீடுகளிலும் ஆளுக்கொரு காரும் இருசக்கர வாகனமும் இருந்து, ஒவ்வொன்றும் நாளில் இருமுறை வெளியே சென்று திரும்புமாயின், முன்பு ஒரே வீட்டின் வாகனங்கள் வந்துபோன வாயிலில் நாள்தோறும் 480 முறை வாகனங்கள் கடக்கும். தற்காலிகத் தொல்லை என்று எண்ணப்பட்டது நிரந்தர நிலைமையாக மாறுவது இவ்வாறே.

செலவு யாருடையது?

ஒரு தொழிலின் செலவில் ஒரு பகுதி, அத்தொழிலுடன் தொடர்பில்லாத மூன்றாமவர் மீது சுமத்தப்படும் நிலையைப் பொருளியலார் புறவிளைவு என்பர். ஆர்தர் பிகு என்ற ஆங்கிலேயப் பொருளியல் அறிஞர் 1920-ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில் இதனை விரிவாக ஆராய்ந்தார். அத்தகைய செலவை உண்டாக்கியவரே ஏற்குமாறு செய்யாவிடில், அத்தொழில் சமூகத்துக்கு உகந்த அளவை மீறிச் செல்லும் என்பது அவருடைய முடிவு.

கட்டட நிறுவனத்தின் கணக்கேட்டில் நிலம், சிமெண்ட், கம்பி, கூலி, வட்டி யாவும் இடம்பெறுகின்றன. உடைந்த தெருவும், விரிசல் கண்ட அடுத்த வீட்டுச் சுவரும், தூசியால் மூச்சுத்திணறும் முதியவரின் மருந்துச் செலவும் அக்கணக்கில் இல்லை. தெருவைச் செப்பனிடும் செலவை மாநகராட்சி, அதாவது வரி செலுத்தும் மக்கள் அனைவரும், ஏற்கின்றனர். மற்றவற்றை அயலார் தனித்தனியே ஏற்கின்றனர். எனவே அவர்களுடைய முறையீட்டை மனத்தாங்கலாக அன்றி, செலுத்தப்படாத ஒரு செலவுப் பட்டியலாகக் கருதுவதே முறை.

சட்டத்தில் உள்ள இடைவெளி

அயலாருக்குச் சட்டப் பாதுகாப்பே இல்லை என்று கூறிவிட முடியாது. 1961-ஆம் ஆண்டின் கர்நாடக நகர, ஊரமைப்புச் சட்டத்தின்படி, முழுமைத் திட்டத்தில் குறித்த நிலப் பயன்பாட்டை மாற்ற வேண்டுமாயின் நாளிதழில் அறிவிப்பு வெளியிட்டு மக்களின் ஆட்சேபங்களைப் பெற வேண்டும். 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் குடியிருப்புப் பகுதிகளில் பகலில் 55 டெசிபல், இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை 45 டெசிபல் என வரம்பிட்டுள்ளன. கட்டட இடிபாடுகளைக் கையாள மைய அரசு 2016-இல் தனி விதிகளை வகுத்தது. அவற்றுக்கு மாற்றாக 2025-இல் விரிவான புதிய விதிகளை வெளியிட்டது.

நீதிமன்றமும் கதவை அடைக்கவில்லை. உடுப்பியில், திருமண மண்டபமும் சொற்பொழிவுக் கூடமும் கட்டுவதற்கெனப் பெற்ற அனுமதி, குடியிருப்புப் பகுதியில் திரையரங்கு அமைக்கும் அனுமதியாக மாற்றப்பட்டதை எதிர்த்து அப்பகுதிவாசி ஒருவர் வழக்குத் தொடுத்தார். நகரமைப்புத் திட்டத்தை மீறி வழங்கிய அந்த அனுமதி செல்லாது என்றும், திட்டத்தை மீறுவதை எதிர்க்கக் குடியிருப்போருக்கு உரிமை உண்டு என்றும் 1974-ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

ஆனால் இப்பாதுகாப்புகள் யாவும் விதி மீறப்படும்போது மட்டுமே துணை நிற்கின்றன. விதிகள் அனைத்தையும் பின்பற்றியே கட்டப்படும் கட்டடத்தாலும் தெரு திணறக்கூடும். குடியிருப்பு மனையில் குடியிருப்பே எழும்போது நிலப் பயன்பாடு மாறுவதில்லை. ஆகவே ஆட்சேபம் கேட்கும் அறிவிப்பும் இல்லை. 2006-ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின்படி 20,000 சதுர மீட்டரும் அதற்கு மேலும் பரப்புள்ள கட்டடங்களுக்கே முன் அனுமதி தேவை. அவற்றுக்கும் பொதுமக்கள் கருத்துக் கேட்பிலிருந்து விலக்கு உண்டு. மேலே கூறிய 6,000 சதுர மீட்டர்க் கட்டடம் அவ்வரம்புக்கு உட்படவே இல்லை. 2016-ஆம் ஆண்டின் வீட்டுமனைத் தொழில் ஒழுங்குமுறைச் சட்டம் வீடு வாங்குவோரின் நலனைக் காக்கிறது. அடுத்த வீட்டுக்காரர் அதன் பார்வையில் இல்லை. ஆக, தம் தெருவில் வரவிருப்பது இன்னதென்பதை முதல் லாரி வந்து நிற்கும் நாளில்தான் அயலார் அறிகின்றனர்.

அப்பொழுது அவர்கள் நாடக்கூடியவர் வட்டார உறுப்பினரே. மூன்று லட்சமும் அதற்கு மேலும் மக்கள்தொகை உள்ள நகரங்களில் வட்டக் குழுக்கள் அமைய வேண்டும் என்பது 1993-இல் நடைமுறைக்கு வந்த 74-ஆவது அரசியலமைப்புத் திருத்தத்தின் கட்டளை. மைசூரு மாநகராட்சி மன்றத்தின் பதவிக்காலம் 2023 நவம்பரில் முடிவுற்றபின், உரிய காலத்தில் தேர்தல் நடைபெறவில்லை. தெருவின் குறையைக் கேட்கும் முதற்படியே இல்லாதபோது, சிறு குறையும் பெரும் பகையாக வளர்வது இயல்பு.

தெருவை அகலப்படுத்துவது தீர்வாகுமா?

போக்குவரத்து மிகுந்தால் சாலையை அகலப்படுத்துவதே பொதுவாகக் கூறப்படும் மருந்து. 2025 ஏப்ரலில் மைசூருவின் ஹைதர் அலி சாலையில் விரிவாக்கப் பணிக்காக 40 மரங்கள் வெட்டப்பட்டபோது நகர மக்களிடையே பெரும் எதிர்ப்பு எழுந்தது. அகலப்படுத்திய சாலையைப் புதிய வாகனங்கள் விரைவில் நிரப்பிவிடுகின்றன என்பது உலகப் பெருநகரங்கள் பலவற்றின் அனுபவம். வாகனங்களை அன்றி மனிதரைக் கொண்டுசெல்வதே நோக்கமாக வேண்டும் என்று 2006-ஆம் ஆண்டின் தேசிய நகரப் போக்குவரத்துக் கொள்கை கூறியதும் இதனாலேயே.

இத்துறையில் மைசூரு முன்னோடி முயற்சிகளையும் கண்டுள்ளது. பேருந்து வரும் நேரத்தைப் பயணிகளுக்கு அறிவிக்கும் ‘மித்ரா’ திட்டம் 2012-இலும், ‘ட்ரின் ட்ரின்’ என்னும் பொது மிதிவண்டித் திட்டம் 2017-இலும் இங்கே தொடங்கப்பட்டன. ஆயினும் புதிய மனைப்பிரிவு ஒன்றுக்கு அனுமதி வழங்கும்போது, அங்கே பேருந்து எப்போது வரும் என்ற வினா எழுப்பப்படாவிடில், குடியேறுவோர் முதலில் வாங்குவது மோட்டார் வாகனமாகவே இருக்கும்.

செய்யத்தக்கவை

மேற்கண்ட ஆய்விலிருந்து சில நடைமுறைகள் புலனாகின்றன.

முதலாவதாக, கட்டட அனுமதிக்கு முன் தெருவின் தாங்குதிறனை அளக்க வேண்டும். ஆவணத்தில் உள்ள அகலத்தை அன்றி, வாகனங்கள் உண்மையில் செல்லத்தக்க அகலத்தையே கணக்கில் கொள்ள வேண்டும். நடுத்தர அளவுக் கட்டடங்களுக்கும் எளிய போக்குவரத்து மதிப்பீடு கட்டாயமாதல் நலம்.

இரண்டாவதாக, அனுமதி கோரப்பட்டவுடன் அதன் விவரம் மனையின் முகப்பிலேயே கன்னடத்தில் பலகையாக வைக்கப்பட வேண்டும். லாரிகள் வரும் வழி, வரும் நேரம், பொருள்களை வைக்கும் இடம், பொறுப்பு அதிகாரியின் பெயர் ஆகியவை அதில் இருத்தல் வேண்டும். பள்ளி தொடங்கும் நேரத்திலும் முடியும் நேரத்திலும் கனரக வண்டிகளை நிறுத்தி வைப்பதற்குச் செலவு ஏதுமில்லை.

மூன்றாவதாக, தெருவைச் செப்பனிடும் செலவுக்கென வைப்புத்தொகை பெற்று, வேலை முடிந்தபின் தெருவின் நிலையைப் பார்த்தே அதனைத் திருப்பித் தர வேண்டும். அண்டை வீடுகளின் சுவர்களை வேலை தொடங்கு முன்னரே இரு தரப்பாரும் பார்த்துப் பதிவு செய்துகொண்டால், விரிசல் பற்றிய வழக்குகள் பெரிதும் குறையும்.

நான்காவதாக, வளர்ச்சிக் கட்டணத்தில் குறிப்பிட்ட பங்கு அதே வட்டாரத்துக்குத் திரும்ப வேண்டும். தமிழ்நாட்டில் 2008-ஆம் ஆண்டின் விதிகளின்படி பெரிய கட்டடங்களிடம் உட்கட்டமைப்பு, வசதிக் கட்டணம் பெறப்படுகிறது. அது மாநில அளவிலான நிதியில் சேர்கிறது. பணம் எங்கோ சென்று சேர, சுமை மட்டும் தெருவில் தங்குமாயின், அயலார் புதிய கட்டடத்தை வரவேற்பதற்குக் காரணமே இராது. தம் தெருவுக்கு நடைபாதையும் வடிகாலும் கிட்டும் என்று அறிந்தால் அவர்களுடைய நோக்கும் மாறும்.

புதிதாக வருவோரின் உரிமை

இவ்வளவும் கூறியபின், மறுபக்கத்தையும் மறத்தலாகாது. தம் தெருவில் வேறெவரும் குடிவரலாகாது என்று தடுக்கும் உரிமை எவர்க்கும் இல்லை. உட்பகுதியில் வீடுகள் எழாவிடில் நகரம் விளைநிலத்தையும் ஏரிக்கரையையும் நோக்கி இன்னும் பரவும். வீட்டு வாடகை உயரும். எளியோர் நகரைவிட்டு ஒதுங்க நேரிடும். கட்டட வேலையே பல்லாயிரம் தொழிலாளர்களுக்கு அன்றாட உணவளிக்கிறது. மேலும், இன்று அடுக்குமாடியில் குடியேறுபவர் நாளை அதே தெருவின் அயலார். அடுத்து எழும் கட்டடத்தைப் பற்றி முறையிடுவோரில் அவரும் ஒருவராக இருப்பார்.

ஆகவே கட்டுவதா கூடாதா என்பது வினா அன்று. எந்த வரிசையில், யாருடைய செலவில் என்பதே வினா. தெருவை முதலில் எண்ணி வீட்டைப் பின்னர் எண்ணிய முறையை மைசூரு ஒரு நூற்றாண்டுக்கு முன்னரே கைக்கொண்டது. அவ்வரிசையை மீட்டெடுப்பதற்குப் புதிய கண்டுபிடிப்பு எதுவும் தேவையில்லை. அனுமதிக் கோப்பில் மனையின் வரைபடத்துடன் தெருவின் கணக்கும் ஒரு தாளாகச் சேர்க்கப்பட்டு, அது கையொப்பத்துக்கு முன் படிக்கப்பட்டாலே போதும்.