ஆளுமையை அளக்கும் சொற்கள்

பள்ளியை விட்டு நீங்கும் மாணவருக்கு வழங்கப்பெறும் மாற்றுச் சான்றிதழில் அவர்தம் நடத்தையைக் குறிக்க ஓரிடம் உண்டு. அவ்விடத்தில் பெரும்பாலும் 'நன்று' என்ற ஒற்றைச் சொல்லே எழுதப்பெறும். பல்லாண்டு கண்ணெதிரே வளர்ந்த ஒரு பிள்ளையின் இயல்பு அந்த ஒரு சொல்லுக்குள் முடிந்துவிடுகிறது. ஒருவரின் இயல்பைச் சொல்ல உண்மையில் எத்தனை சொற்கள் வேண்டும்? உளவியலார் அகராதியைக் கையிலெடுத்து எண்ணிப் பார்த்தே இவ்வினாவை ஆராய்ந்துள்ளனர். மொழி பயிலும் நாம் அவ்வரலாற்றை அறிதல் தகும்.

இதற்கு வித்திட்டவர் இங்கிலாந்து அறிஞர் பிரான்சிஸ் கால்ட்டன். 1884ஆம் ஆண்டில் அவர் ரோஜேயின் சொற்களஞ்சியத்தைப் புரட்டி, மனித இயல்பைக் குறிக்கும் சொற்கள் ஆயிரமேனும் இருக்கும் என மதிப்பிட்டார். மாந்தர் ஒருவரோடொருவர் பழகுவதற்கு இன்றியமையாத வேறுபாடுகள் எவையோ, அவற்றுக்கு மக்கள் மொழியில் சொல் பிறந்தே இருக்கும் என்பது இவ்வழியில் வந்தோரின் அடிப்படைக் கருத்து.

1936இல் கார்டன் ஆல்போர்ட், ஹென்றி ஆட்பெர்ட் என்னும் அமெரிக்கர் இருவர் வெப்ஸ்டர் பேரகராதியிலிருந்து 17,953 சொற்களைத் திரட்டினர். திரட்டியதோடு நில்லாமல் நான்காகப் பிரித்தனர். நிலைத்த பண்பைச் சுட்டும் சொற்கள் 4,504. வந்து நீங்கும் மனநிலையைச் சுட்டுவன 4,541. எஞ்சிய பலவகைச் சொற்கள் 3,682. இவையனைத்தினும் மிகுதியாக, 5,226 சொற்கள், ஒருவரைப் பற்றிப் பிறர் கொள்ளும் மதிப்பீடாகவே இருந்தன. நம் சான்றிதழின் 'நன்று' இவ்வகையைச் சார்ந்தது. பிள்ளை எத்தகையவன் என்பதை அது சொல்வதில்லை. பள்ளிக்கு அவனால் தொல்லை இல்லை என்பதை மட்டுமே சொல்கிறது!

மனநிலை வேறு, பண்பு வேறு என்ற பகுப்பு நமக்குப் புதிதன்று. தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் கூறும் எட்டும் தோன்றி மறையும் உணர்வு நிலைகளே. அவற்றுள் ஒன்றாகிய வெகுளி அங்கே சினத்தைக் குறிக்கும். இன்றைய வழக்கிலோ 'அவன் ஒரு வெகுளி' என்றால் சூதுவாது அறியாதவன் என்று பொருள். உணர்வுக்குரிய பெயர் பொருள் மாறி ஆளுக்குரிய பெயராகிவிட்டது.

நாலாயிரத்துக்கு மேற்பட்ட பண்புச் சொற்களை வைத்துக்கொண்டு யாரையும் அளக்க இயலாது. ரேமண்ட் கேட்டல் ஒத்த பொருளுடைய சொற்களை ஒன்றுசேர்த்து அவற்றை 171 ஆகவும், பின்னர் 35 ஆகவும் சுருக்கினார். பலரையும் அப்பண்புகளால் மதிப்பிடச் செய்து, எவ்வெப்பண்புகள் சேர்ந்து உயர்கின்றன, சேர்ந்து தாழ்கின்றன என்று ஒட்டுறவுக் கணக்கிட்டார். கலகலப்பாகப் பேசுவோர் பெரும்பாலும் கூட்டத்தை நாடுவோராகவும் இருப்பின், அவ்விரண்டுக்கும் அடியில் ஒரு பொதுக் காரணி இருப்பதாகக் கொள்வதே இம்முறை. அவர் கண்டவை பதினாறு. அவற்றை அளக்கும் வினாநிரல் 1949இல் வெளிவந்தது. 1961இல் டியூப்ஸ், கிறிஸ்டல் என்போர் அமெரிக்க வான்படைக்காகப் பல குழுக்களின் தரவுகளை மறுபடி ஆராய்ந்தபோது ஐந்து காரணிகளே திரும்பத் திரும்பத் தோன்றின. புறமுக நாட்டம், இணக்கம், கடமையுணர்வு, மனக்கலக்கம், புதுமை நாட்டம் என அவ்வைந்தையும் இன்று குறிப்பிடலாம்.

இவை ஆட்களை அடைக்கும் ஐந்து அறைகள் அல்ல, ஐந்து அளவுகோல்கள். ஒவ்வொருவரும் ஐந்திலும் ஏதோ ஓரிடத்தில் நிற்பர், பெரும்பாலோர் நடுப்பகுதியில். அகமுகர், புறமுகர் என வகுப்பை இரண்டாகப் பிரித்துப் பார்ப்பவர் இந்த நடுப்பகுதியினரைக் காணத் தவறுகிறார்.

ஐந்து என்னும் எண்ணும் முடிந்த முடிபன்று. பொலிவியா நாட்டின் அமேசான் காடுகளில் வாழும் சிமானே மக்களிடையே நடத்தி 2013இல் வெளியிட்ட ஆய்வில் இவ்வைந்தும் தெளிவாக வெளிப்படவில்லை. கொரிய மொழி உள்ளிட்ட பிற மொழிச் சொற்களை ஆராய்ந்த ஆஷ்டன், லீ என்போர் நேர்மையும் பணிவும் சேர்ந்த ஆறாவது காரணியை முன்வைத்தனர். தமிழ்ச் சொற்களை எண்ணப் புகுவோர்க்கு இடர்ப்பாடு தொடக்கத்திலேயே எழும். ஆங்கிலத்தில் பெயரடையாக நிற்பவை நம்மிடம் 'முன்கோபி', 'வாயாடி', 'அழுத்தக்காரன்' எனப் பெயர்களாகவும், 'சொன்ன சொல் தவறாதவர்' எனத் தொடர்களாகவும் நிற்கின்றன. அகராதித் தலைச்சொற்களை மட்டும் எண்ணினால் அத்தொடர் விடுபட்டுப்போகும்.

நேர்மையை அளக்க முற்பட்டோர் கண்டது ஆசிரியர் அனைவரும் அறியவேண்டியது. ஹார்ட்ஷார்ன், மே என்னும் இருவர் பல்லாயிரம் அமெரிக்கப் பள்ளிப் பிள்ளைகளைச் சோதித்து 1928இல் தம் முடிவுகளை வெளியிட்டனர். விடைத்தாளுக்கு மறைவாகப் படி எடுத்துக்கொண்டபின், அவரவர் தாளை அவரவரே திருத்துமாறு தந்தனர். வேறொரு சோதனையில் நாணயங்கள் கொண்ட பெட்டியைக் கையாளவிட்டனர். தாளைத் திருத்தி எழுதிய பிள்ளையே நாணயத்தையும் எடுக்கும் என்று முன்கூட்டிச் சொல்ல இயலவில்லை. சூழல் மாற மாற நடத்தைக்கிடையேயான ஒட்டுறவு மெலிந்தது. 1968இல் வால்ட்டர் மிஷல் இத்தகைய சான்றுகளைத் தொகுத்து, பண்பு மதிப்பெண்ணுக்கும் ஒரு குறிப்பிட்ட செயலுக்கும் இடையிலான ஒட்டுறவு ஏறத்தாழ 0.30ஐத் தாண்டுவதில்லை என்று காட்டியபோது, இத்துறையே ஆட்டங்கண்டது.

ஆயினும் பண்பு என்பது வெறும் மயக்கம் என்று முடிவு செய்தற்கில்லை. சேமூர் எப்ஸ்டீன் 1979இல் வேறு வழியில் கணக்கிட்டார். ஒருவரின் ஒருநாள் நடத்தையை மற்றொரு நாளோடு ஒப்பிட்டால் ஒற்றுமை குறைவே. ஒற்றைப்படை நாட்களின் சராசரியையும் இரட்டைப்படை நாட்களின் சராசரியையும் ஒப்பிட்டபோது, நாட்கள் கூடக்கூட ஒற்றுமையும் கூடியது. ஒரு தேர்வில் துண்டுச்சீட்டோடு பிடிபட்டவனை அன்றே 'ஏமாற்றுக்காரன்' என்று பெயரிட்டு அழைக்கும் ஆசிரியர் கையில் இருப்பது ஒரே ஒரு நாளின் அளவு. அவனைப் பற்றி இரண்டு பருவம் பொறுத்துச் சொல்லும் ஆசிரியரிடம் இருப்பது சராசரி.