வீட்டுக் காணொளியை எவ்வடிவில் காப்பது?
தொகுப்பு மென்பொருளின் திட்டக் கோப்பு காப்புப்படி ஆகாது. அதில் காட்சிகள் இல்லை, அவற்றின் இருப்பிடக் குறிப்புகளே உள்ளன. ஆகவே முடித்த படத்தை ஒரே கோப்பாக வெளியிடுதல் வேண்டும். பழைய மினி டிவி கேசட்டில் எடுத்த திருமணப் படமாயின், அக்கேசட்டின் வடிவிலேயே மூலப்பிரதியை வைப்பது நன்று. ஒரு மணி நேரத்திற்கு ஏறத்தாழ 13 ஜிபி இடம் பிடிக்கும். எச்.264 முறையில் சுருக்கிய எம்பி4 பிரதி, உறவினருக்கு அனுப்ப ஏற்றது. எனினும் சுருக்கத்தில் இழந்த நுணுக்கம் மீளாது. கேசட்டையே நம்பியிருப்போர் அந்தமானின் ஈரக்காற்றில் நாடா பூஞ்சை பிடிப்பதை அறிவர்.

2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலையைக் கண்ட தீவுகளில், ஒரே அலமாரியிலுள்ள இரு பிரதிகளை இரண்டெனக் கொள்ளலாகாது. ஒரு வன்தட்டு சென்னை உறவினரிடமோ, அங்குள்ள வங்கிப் பெட்டகத்திலோ இருக்கட்டும். 2020 ஆகஸ்டில் சென்னையிலிருந்து கடலடி வடம் வந்தபின், இணையச் சேமிப்பில் ஏற்றுவதும் எளிதாகியுள்ளது.