காட்ரோட்டு டாக்ஸியை அலமாரியில் நிறுத்துவது எப்படி?

தேனி மாவட்டத்துத் தேவதானப்பட்டியிலிருந்து வத்தலக்குண்டு சாலையில் கொஞ்ச தூரம் போனால் காட்ரோடு, கொடைக்கானல் மலைப்பாதை பிரிகிற இடம். அந்த மலையைப் பல பத்தாண்டுகள் ஏறி இறங்கிய வாடகைக் கார் அம்பாசிடர். தலையில் கேரியர், கேரியரில் பெட்டி படுக்கை, உள்ளே ஒரு குடும்பமே. உத்தரபாரா ஆலையில் 2014 மே மாதம் அதன் உற்பத்தி நின்றது. மும்பையின் கறுப்பு மஞ்சள் பத்மினி டாக்ஸியும் 2023 அக்டோபரோடு ஓய்ந்தது. இந்த வண்டிகளைக் கண்முன் வைத்திருக்க விரும்புகிறவர்கள் மாடல் கார் சேகரிக்கலாம். அதற்குப் பெருநகரத்தில் இருக்க வேண்டியதில்லை, பெரிய பணமும் தேவையில்லை.

முதல் வேலை, எல்லை போடுவது. கண்ணில் பட்ட காரையெல்லாம் வாங்கினால் சீக்கிரமே அலமாரி நிறைந்துவிடும், எதைப் பற்றியும் முழுதாகத் தெரிந்திருக்காது. டாக்ஸி மட்டும்தான் என்று முடிவு செய்யுங்கள். என் யோசனை மூன்று தட்டு. மேல் தட்டில் நம் சாலையில் ஓடிய அம்பாசிடர். நடுவில் மும்பை பத்மினி, கொல்கத்தா மஞ்சள் டாக்ஸி. கீழ்த் தட்டில் பிரெஞ்சு டாக்ஸிகள். பிரான்ஸ் எதற்கு என்று கேட்கலாம். அம்பாசிடர் என்ற பெயரையே 2017இல் 80 கோடி ரூபாய்க்கு வாங்கியது பிரான்சின் பிஜோ நிறுவனம். பத்மினியைச் செய்த பிரீமியர் நிறுவனம் 1990களில் பிஜோவோடு சேர்ந்து பிஜோ 309 காரைச் செய்தது. அதோடு, பழைய டாக்ஸிகளை அக்கறையோடு சிறிதாக்கியவர்களில் பிரெஞ்சுக்காரர்கள் முக்கியமானவர்கள்.

அடுத்து, அளவு. சேகரிப்பவர்கள் அதிகம் பேசும் அளவு 1:43. ஓர் அடிக்கு 7 மில்லிமீட்டர் என்ற பொம்மை ரயில் கணக்கிலிருந்து வந்தது அது. நிஜ அம்பாசிடரின் நீளம் ஏறக்குறைய 433 சென்டிமீட்டர். 43ஆல் வகுத்தால் 10 சென்டிமீட்டர் வரும். பத்மினி 393 சென்டிமீட்டர், அதன் மாடல் 9 சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் மேல். உள்ளூர் பிளாஸ்டிக் மாடல்கள் பலவற்றில் அளவு அச்சிட்டிருக்காது. ஸ்கேலை வைத்து நீளம் பாருங்கள். 12 சென்டிமீட்டர் என்றால் 433ஐ 12ஆல் வகுங்கள், 36 வரும். அப்படியானால் அது 1:36. இந்த எண்ணைக் குறித்து வையுங்கள், பிறகு வேண்டியிருக்கும்.

மூன்றாவது, எந்த வண்டி என்று அடையாளம் காண்பது. விற்கிறவர்கள் தவறுவது இங்கேதான். அம்பாசிடரின் மூலம் மோரிஸ் ஆக்ஸ்போர்டு மூன்றாம் வரிசை. இங்கிலாந்தின் டிங்கி நிறுவனம் 1950களில் விற்ற மோரிஸ் ஆக்ஸ்போர்டு அதற்கு முந்தைய எம்ஓ வரிசை, அது இந்துஸ்தான் 14 காரின் உருவம். அதை அம்பாசிடர் என்று சொல்லி விற்றால் வாங்க வேண்டாம். அம்பாசிடருக்குள்ளும் வேறுபாடு உண்டு. 1963இல் வந்த மார்க் 2க்குக் கட்டம் போட்ட கிரில். 1979இல் வந்த மார்க் 4இல் கிரில் சிறிதானது. டீசல் எஞ்சினும் அந்தக் காலத்தில்தான் வந்து சேர்ந்தது. வாடகை வண்டிக்காரர்களுக்கு டீசல் எவ்வளவு பெரிய விஷயம் என்று சொல்ல வேண்டியதில்லை. மலைக்கு ஓடிய டாக்ஸி வேண்டுமென்றால் மார்க் 4 முகத்தைத் தேடுங்கள்.

வாங்குவதை டில்லியின் சென்டி டாய்ஸ் செய்யும் பிளாஸ்டிக் அம்பாசிடரில் தொடங்கலாம். சில நூறு ரூபாய்தான், கை பழக அது போதும். வெளிநாட்டு மாடல்களின் கடை விலையைப் பார்த்து மலைக்காதீர்கள். பொம்மைகளுக்கான இறக்குமதி வரி 2020இல் 20 சதவீதத்திலிருந்து 60 ஆனது, 2023இல் 70 ஆனது. அதனால் வருடத்துக்கு ஒன்றிரண்டு நல்ல உலோக மாடல்கள் போதும் என்று இருப்பதே நிம்மதி. பழைய இந்திய உலோக மாடல்களில் கொல்கத்தாவின் நிக்கி டாய்ஸ் கிடைத்தால் விடாதீர்கள். டிங்கியின் அச்சுகளையே வாங்கி வந்து இங்கே வார்த்தவை அவை. வார்ப்பும் பெயின்டும் கொஞ்சம் முரடாக இருக்கும், அதுதான் அடையாளமும். அவற்றுக்குப் புது பெயின்ட் அடிக்கவே கூடாது.

இனி, இந்த வேலையில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி: கடையில் வாங்கிய வெள்ளை அம்பாசிடரை நம்ம ஊர் டாக்ஸி ஆக்குவது. அதற்கு முன் பழைய டிரைவர் ஒருவரிடம் உட்கார்ந்து பேசுங்கள். “அண்ணே, உங்க வண்டியில கேரியர் எப்படி இருந்துச்சு? கண்ணாடியில என்ன எழுதியிருந்தீங்க?” என்று கேட்டால் போதும், ஒரு மணி நேரம் சொல்வார். பழைய கல்யாணப் போட்டோக்களையும் புரட்டுங்கள். மாப்பிள்ளை அழைப்புக்கு வந்த கார் எங்காவது ஓர் ஓரத்தில் நிற்கும்.

முதலில் நம்பர் பிளேட். டி போர்டு வாடகை வண்டிக்கு மஞ்சள் பின்னணியில் கறுப்பு எழுத்து. நிஜ முன் பிளேட் 50 சென்டிமீட்டருக்கு 12 என்று வைத்துக்கொண்டு உங்கள் மாடலின் எண்ணால் வகுங்கள். 1:36 என்றால் 14 மில்லிமீட்டர் நீளம், 3 மில்லிமீட்டருக்குச் சற்று மேல் உயரம். டிடிபி கடையில் இந்த அளவில் வடிவமைத்து, பளபளப்பான போட்டோ தாளில் நாலைந்து பிரதி எடுத்து, கூரான பிளேடால் வெட்டி ஒட்டுங்கள். இன்றைய ஹாலோகிராம் பிளேட் புது வண்டிகளுக்குக் கட்டாயமானது 2019இல்தான், இதற்குப் பொருந்தாது. பெயின்டர் கையால் எழுதியது போன்ற எழுத்தே சரி. இன்னொன்று, தேனி மாவட்டம் மதுரையிலிருந்து பிரிந்தது 1996இல். அதற்கு வெகுகாலம் முன் பதிவான வண்டிக்கு டிஎன் 60 என்ற எண் வராது. மார்க் 2 மாடலில் டிஎன் 60 ஒட்டியிருந்தால் விஷயம் தெரிந்தவர் உடனே கேட்பார்.

பிறகு கேரியர். நிஜக் குழாய் இரண்டு சென்டிமீட்டர் தடிமன் என்றால் மாடலில் அரை மில்லிமீட்டர். மோட்டார் காயில் கட்டுகிற கடையில் அந்தத் தடிமனில் செம்புக் கம்பி கேட்டு வாங்குங்கள். கம்பியின் மேல் பூச்சை உப்புத்தாளால் சுரண்டிவிட்டு, கட்டத்தாளில் வரைந்த வடிவத்தின் மேல் வைத்து வளைத்து, பற்றவையுங்கள். பசையால் ஒட்டினால் சீக்கிரம் விட்டுப்போகும். பழைய சென்னை டாக்ஸி போலக் கறுப்பு பாடி, மஞ்சள் கூரை வேண்டுமென்றால் 1000 நம்பர் வாட்டர் பேப்பரில் தேய்த்து, பிரைமர் அடித்து, முதலில் மஞ்சள், அது நன்றாகக் காய்ந்தபின் கூரையை டேப்பால் மறைத்துக் கறுப்பு. வெளிர் நிறம் முதலில், அடர் நிறம் பிறகு. ஸ்பிரேயை ஒரே தடவையில் கொட்டாமல் மெல்லிய பூச்சாகப் பலமுறை அடியுங்கள்.

கீழ்த் தட்டுக்கு முதல் வண்டி ரெனோ ஏஜி-1. முதல் உலகப் போரில், 1914 செப்டம்பரில் பாரிசின் டாக்ஸிகள் ஏறத்தாழ 600, சுமார் 5,000 போர்வீரர்களை மார்ன் போர்முனைக்கு ஏற்றிச் சென்றன. மீட்டர் கணக்குப்படி அரசு 70,012 பிராங்க் கொடுத்தது. மீட்டர் போட்டுப் போருக்குப் போன வண்டி என்பதாலேயே அது இல்லாத டாக்ஸி சேகரிப்பு எனக்குக் குறையாகத் தெரிகிறது. அடுத்து, டிங்கியின் பிரெஞ்சு ஆலை 1967இல் வெளியிட்ட பிஜோ 404 ஜி7 ரேடியோ டாக்ஸி, கறுப்பு உடலும் சிவப்புக் கூரையுமாக. பழைய மாடல்களில் கூரைப் பலகை, ஏரியல் போன்ற சிறு பாகங்கள் முறிந்து தொலைந்திருக்கும். படத்தில் அதைக் கவனிக்காமல் பணம் அனுப்பாதீர்கள். டிங்கி மாடல்களுக்குப் பிற்கால மறுபதிப்புகளும் நிறைய உண்டு. அடித்தட்டிலோ பெட்டியிலோ உரிமக் குறிப்பு சிறிய எழுத்தில் இருக்கிறதா என்று பெரிதாக்கிப் பாருங்கள். மறுபதிப்பு வாங்குவதில் குறையே இல்லை, மூலத்தின் விலையைக் கொடுத்து வாங்குவதுதான் நஷ்டம்.

பாதுகாப்பு பற்றிச் சுருக்கமாக. இரண்டாம் உலகப் போருக்கு முந்தைய துத்தநாக வார்ப்புகளில் ஈயம் கலந்திருந்தால் உலோகமே உப்பி விரிசல் விடும். வெப்பமும் ஈரமும் அதை விரைவுபடுத்தும், மருந்து கிடையாது. மயிரிழை விரிசல் தெரிந்தாலே வாங்காதீர்கள். சிமென்ட் ஷீட் கூரை அறையும் வெயில் படும் ஜன்னலும் ஆகாது. டயர் நேராகப் பிளாஸ்டிக் தட்டில் பட்டு நின்றால் நாளடைவில் தட்டு இளகி டயரோடு ஒட்டிக்கொள்ளும், அச்சுக்கு அடியில் சிறு மரத்துண்டு வைத்துத் தூக்கி நிறுத்துங்கள். பாச்சை உருண்டையின் ஆவி சில பிளாஸ்டிக்கைக் கெடுக்கும், அதனால் சிலிக்கா ஜெல் போதும். அட்டைப்பெட்டியைத் தூக்கிப் போடாமல் கரையான் எட்டாத இரும்பு பீரோவில் வையுங்கள். பெட்டியோடு இருக்கும் மாடலுக்கே மதிப்பு.

ஒரு நோட்டில் ஒவ்வொரு வண்டிக்கும் ஒரு பக்கம் ஒதுக்கி, வாங்கிய இடம், விலை, அளவு, செய்த மாற்றம் எல்லாவற்றையும் எழுதுங்கள். நீங்கள் பெயின்ட் அடித்த, பிளேட் மாற்றிய வண்டியின் அடியில் அதைச் சொல்லும் சிறு சீட்டும் ஆண்டும் ஒட்டிவிடுங்கள். நாளை அது வேறு கைக்குப் போனால், வாங்குகிறவர் அதை ஆலையிலிருந்தே அப்படி வந்தது என்று நினைத்துவிடக் கூடாது.